விதை மிச்சம்

மண்வெட்டி கல்லில் பட்டுத் தெறித்தது. செல்லாயி நிற்கவில்லை. கல்லைக் கையாலேயே பெயர்த்து அப்பால் எறிந்துவிட்டு மறுபடியும் ஓங்கினாள்.

முத்துவேலின் பம்ப் செட்டு அறைக்குப் பின்னால், வரப்பு முடிகிற இடத்தில் தனிப் பனை ஒன்று நிற்கிறது. அதன் அடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி விழுந்துவிட்டது. பிறத்தியார் நிலம். கேட்காமல் கால் வைத்தாலே ஏச்சு விழும். அவள் மண்வெட்டியையே வைத்திருந்தாள்.

வெட்டுக்கு வெட்டு, கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாகறல் தேரடிப் புளியமரத்து நிழலில் அந்தப் பச்சை ஜீப் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அது புறப்படுவதற்குள் இந்தக் குழிக்குள் இருப்பதில் ஒரு பிடி அவள் கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் மகள் மலர்க்கொடி பிழைக்க மாட்டாள்.

ஏற்கெனவே மகன் பெருமாளைப் பறிகொடுத்த வீடு அது. ஏழு வயதுப் பிள்ளை. முதலில் கையிலிருந்து தம்ளர் நழுவியது. விளையாட்டுப் புத்தி என்று செல்லாயி முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறவனைப் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். பக்கவாட்டில் நிற்பவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றான். பேச்சு குழறியது. பூசாரி வேப்பிலை அடித்தார். வைத்தியர் கஷாயம் கொடுத்தார். புரட்டாசி பிறந்த சமயம் அவனைச் செய்யாற்றங்கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் மலர்க்கொடியின் கையிலிருந்து குடம் நழுவியது.

இந்த முறை அவள் புருஷன் எல்லப்பன் பூசாரியிடம் போகவில்லை. மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறினான். அங்கே பெரிய டாக்டர் அவள் கண்ணையும் விரலையும் பார்த்துவிட்டு, "இது காத்துமில்லை, கருப்புமில்லை. ஏதோ விஷம் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போயிருக்கு" என்றார். அவளை அங்கேயே சேர்த்துக்கொண்டு மதராஸுக்கு எழுதினார். அதன் பேரில்தான் இன்று காலை ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் பெயர் வேதகிரி. பூச்சி மருந்து, விதை மருந்து இதுகளால் எங்கெங்கே என்னென்ன கெடுதல் நடக்கிறது என்று ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதுகிற உத்தியோகம்.

சாவடியில் உட்கார்ந்து அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். "இந்தப் போகத்துக்கு எந்த விதை போட்டீங்க?"

"சர்க்கார் டிப்போ விதை. மருந்து கலந்தே வந்துச்சு. மிஞ்சினதைப் பனைமரத்தடியில பொதைச்சிட்டேன் சார். கிராம சேவக் சொன்னபடி" என்றார் முத்துவேல்.

"அதில ஒரு பிடி எடுத்துக் குடுங்க. பரிசோதனைக்கு."

"நாளைக்கு ஆள் வுட்டுத் தோண்டித் தரேன் சார்."

வேதகிரி செல்லாயியைப் பார்த்துச் சொன்னார். "அம்மா, மதராஸ்ல ஊசி இருக்கு. ஆனா எந்த விஷம்னு தெரியாம அதைப் போட முடியாது. தப்பான விஷத்துக்குப் போட்டா அந்த ஊசியே ஆளைக் கொன்னுடும். பொழுது சாயறதுக்குள்ளே நான் கிளம்பணும்."

முத்துவேல் உத்திரமேரூருக்கு வேலையாகப் போய்விட்டார். செல்லாயி வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தாள்.

இடுப்பு விண்விண் என்றது. குழி இன்னும் ஒரு சாண் இறங்கியது. சாக்கு தட்டுப்படவில்லை. மூட்டையைப் புதைத்த மண் பொதபொதவென்று இருக்க வேண்டும். பொதபொதவென்றுதான் இருந்தது. மூட்டையைத்தான் காணோம்.

"யாருடி அது?"

பம்ப் செட்டு அறையைச் சுற்றிக்கொண்டு பாஞ்சாலி வந்தாள். முத்துவேலின் மனைவி. துவைத்துப் பிழிந்த துணி தோளில் ஈரமாகத் தொங்கியது.

"எங்க வூட்டு நெலத்துல உனக்கு இன்னாடி வேலை?"

"குழி வெட்றேம்மா."

"அது தெரியுது. கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு? எதுக்கு வெட்றேன்னு கேட்டேன்."

"ஆண்டை பொதைச்ச நெல்லு. ஒரு பிடி போதும். ஆபீசர் கேட்டாரு."

"நாளைக்குத் தரேன்னு அவரு சொன்னாரே. காதுல வுழலியா?"

"வுழுந்துச்சும்மா."

"பின்னே? ஜீப்பு இன்னா பறந்தா போவுது? இன்னொரு நாளைக்கும் வரும்."

"ஜீப்பு வரும். அதுவரைக்கும் எம் பொண்ணு இருக்கணுமே."

பாஞ்சாலி இரண்டடி கிட்டே வந்தாள். பிறகு குழியை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"மூட்டை எங்கடி?"

"அத்தத்தான் நானும் பாத்துக்கினு கீறேன்."

"எங்க வூட்டுக்காரரு கையாலயே பொதைச்சாரு. நான் பாத்தேன். ஒண்ணரை மூட்டை." பாஞ்சாலியின் குரல் உயர்ந்தது. "இப்போ ஆபீசர் இன்னா நெனைப்பாரு? பொதைக்கவே இல்ல, எங்கியோ வித்துட்டாருன்னுதானே எழுதிக்கினு போவாரு? எங்க குடும்பத்து மானத்த வாங்கறதுக்குன்னே மண்வெட்டி எடுத்துக்கினு வந்தியா?"

செல்லாயி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லப்பனைக் கூப்பிட்டு எத்தினி வாட்டி சொன்னாரு தெரியுமா? இது மருந்து போட்ட நெல்லு, இந்த வாட்டி மிச்சம் கெடையாதுன்னு."

அந்தச் சொல் செல்லாயியை நிமிர வைத்தது.

விதை மிச்சம். நாற்றங்காலில் விதை தெளித்து முடிந்ததும் கூடையில் மிஞ்சுகிற நெல், தெளித்தவனுக்குச் சொந்தம். யாரும் கொடுப்பதில்லை, யாரும் கேட்பதில்லை. தெளித்தவன் கூடையைத் தலையில் கவிழ்க்காமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவான், அவ்வளவுதான். எல்லப்பனின் அப்பன் அப்படித்தான் கொண்டுபோனான். அவனுக்கு அப்பனும் அப்படித்தான். இரண்டு படி, மூன்று படி, தேறினால் ஒரு மரக்கால். ஆடி மாதத்துப் பஞ்சத்தில் அது பிள்ளைகளுக்குச் சில நாள் சோறு.

இந்த வருஷம் சர்க்கார் அனுப்பிய கிராம சேவக் புது முறை சொல்லிக் கொடுத்தார். கயிறு பிடித்து நடவு. வழக்கமாகப் போடுகிற விதையில் பாதி போதும். ஆகவே மிஞ்சியது படிக்கணக்கில் இல்லை, மூட்டைக்கணக்கில். எந்தத் தலைமுறையிலும் எந்தத் தெளிப்பாளனும் பார்க்காத மிச்சம். அரிசிக்கு ரேஷன் கடை வாசலில் அடிதடி நடக்கிற வருஷத்தில்.

அந்த வருஷம் பார்த்துத்தான் முத்துவேல் 'மிச்சம் கிடையாது' என்றார்.

"சொன்னாரும்மா" என்றாள் செல்லாயி. "மருந்துன்னு சொன்னாரு. போன வருசம் எலி தின்னுடுச்சின்னு சொன்னாரு. அதுக்கு மின்ன வருசம் சாமிக்கு நேர்ந்துக்கினதுன்னு சொன்னாரு. உங்க மாமனார் காலத்துல, மிச்சம் கேட்டா மழை வராதுன்னு சொன்னாங்களாம். எது நெசம், எது சாக்குன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

செல்லாயி மறுபடியும் குனிந்து வெட்டினாள்.

மண்வெட்டியின் நுனியில் ஏதோ மாட்டியது. சாக்கு இல்லை, துணி.

செல்லாயி குழிக்குள் மண்டியிட்டு மண்ணைக் கையால் விலக்கினாள். எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு சின்ன முடிச்சு. பிரித்தாள். உள்ளே ஒரு பிடி நெல். நீர் கோத்து, முளை விட்டு, அந்த முளையும் கருகி அழுகிப்போயிருந்தது. ஆனால் உமியின் இடுக்கில் அங்கங்கே செங்கல் பொடியைப் போலச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் நெல்லைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தாள்.

மாம்பழக் கலர். ஓரத்தில் பச்சைக் கட்டம். கிழிந்துபோனதால், பெருமாள் கைக்குழந்தையாக இருந்தபோது ஏணை கட்டிய சேலை.

எல்லப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மண்ணிலிருந்து எதை எடுத்தாலும் ஒரு பிடி திருப்பி வைத்துவிட்டுத்தான் வருவான். கிழங்கு தோண்டினாலும் அப்படி. அறுப்பு முடிந்த வயலில் எலி வளையை வெட்டி நெல் எடுத்தாலும் அப்படி. துணியில் முடிந்து உள்ளே வைத்து மூடுவான். "அதுக்கும் குட்டி கீதில்ல" என்பான். ஊரே அவனைக் கேலி செய்யும். "எல்லப்பன் எலிக்கு வாடகை கட்டறான்" என்று பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் ஒருநாள் டீக்கடையில் சொன்னதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

செல்லாயிக்குச் சிரிப்பு வரவில்லை. குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாலவாக்கத்தில் அறுப்புக் கூலி என்று சொல்லித்தான் அவன் அந்த நெல்லைக் கொண்டுவந்தான். கொஞ்சம் கொஞ்சமாக, பல நடையாக. நனைந்து அரைகுறையாகக் காய்ந்த நெல்லாக இருந்தது. "ஏன் ஈரமா கீது?" என்று கேட்டாள். "அங்க மழை" என்றான். அவள்தான் புழுக்கினாள். அடுப்பில் ஆவி கிளம்பும்போது ஒரு வாடை வந்தது. சாக்கு வாடை என்று நினைத்தாள். அவள்தான் உரலில் குத்தினாள். அவள்தான் வடித்தாள். அவளும் எல்லப்பனும் கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு, நெல்லுச் சோற்றைப் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டார்கள். பெருமாள் சட்டியைச் சுரண்டித் தின்பான். "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்பான். போட்டாள்.

"இன்னாடி அது?" பாஞ்சாலி குனிந்தாள். முடிச்சையும் பார்த்தாள், செல்லாயியின் முகத்தையும் பார்த்தாள். எலி வாடகைக் கதை அவளுக்கும் தெரியும்.

அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. தன் புருஷன்மேல் பழி இல்லை. அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே அவளுக்கு வெட்கமாகிவிட்டது. ஈரத்துணியைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"கழுவாமயா போட்டான்?" என்றாள் மெதுவாக.

"கழுவித்தான் கொண்டாந்திருக்கான். எத்தினி தண்ணி கழுவினா போவும்னு யாரும்மா எங்களுக்குச் சொன்னா?"

பாஞ்சாலி வரப்பில் உட்கார்ந்தாள். செல்லாயிக்கு எதிரே அவள் அப்படிச் சரிசமமாக உட்கார்ந்தது இதுவரை நடந்ததில்லை.

"அவரு சொன்ன விதம் எனக்குத் தெரியும்டி. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணரை மூட்டை போவுதே, ஒண்ணரை மூட்டை போவுதேன்னு பொலம்பிக்கினேதான் மருந்துன்னும் சொன்னாரு. கேக்கறவனுக்கு எது காதுல ஏறும்? நெல்லு போவுதேன்னு அழுவறதுதான் ஏறும்."

செல்லாயி முடிச்சைத் திரும்பக் கட்டினாள்.

"இத்தக் கொண்டுபோய்க் குடுத்தேன்னா," பாஞ்சாலி குரலைத் தாழ்த்தினாள், "எல்லப்பன் எடுத்தது வெளியில வரும். இவரு சும்மா இருப்பாருன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். திருட்டுக் கேசு போடுவாரு. டிப்போக்காரனும் அதைத்தான் சொல்லுவான். நாங்க சரியாத்தான் குடுத்தோம், திருடித் துன்னா நாங்க இன்னா பண்றதும்பான். எல்லாப் பழியும் உம் புருசன் தலையில."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா போற?"

செல்லாயி முடிச்சை முந்தானையில் சொருகிக்கொண்டு எழுந்தாள். "ஒண்ண அனுப்பிட்டேம்மா. இன்னொண்ணு அங்க கண்ணு தெரியாம படுத்துக்கினு கீது."

மண்வெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது பாஞ்சாலி குழிக்குள் மண்ணைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

* * *

டிரைவர் ஜீப்பைக் கிளப்பிவிட்டிருந்தான். வேதகிரி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முந்தானையைப் பிடித்துக்கொண்டு புழுதியில் ஓடிவருகிறவளைப் பார்த்து, "நிறுத்துப்பா" என்றார்.

அவள் முடிச்சை நீட்டினாள். மூச்சு வாங்கியது.

அவர் துணியைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு நெல்லைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார். விரலால் தொடவில்லை. அதைப் பார்த்ததும் செல்லாயி தன் உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இந்த நெல்லை அவள் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் புடைத்திருக்கிறாள்.

"இதேதான்" என்றார். "பாதரசம் கலந்த விதை மருந்து. பூஞ்சணம் பிடிக்காம இருக்கத் தடவுறது. விதைக்குத்தான். வாயில வைக்கவே கூடாது." நெல்லை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடினார். "எங்கே கிடைச்சுது?"

"பனையடியில."

"மூட்டை முழுசா இருக்கா?"

"இல்ல சாமி." அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தபடி சொன்னாள். "எங்க வூட்டுக்காரு எடுத்தாந்துட்டாரு. அவங்க பாட்டன் காலத்துலேர்ந்து வர்ற மொறைன்னு எடுத்தாந்தாரு. நான் ஆக்கிப் போட்டேன்."

வேதகிரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். எதையும் எழுதவில்லை.

"போலீசுக்குச் சொல்லுவீங்களா சாமி?"

"நான் போலீஸ் இல்லம்மா." அவர் ஜீப்பிலிருந்து இறங்கி அவளோடு நின்றார். "சாக்கோட ஒரு அட்டை கட்டி வந்திருக்கு. தின்னக்கூடாதுன்னு அதில போட்டிருக்கு. இங்கிலீஷ்ல. முத்துவேலுக்கே அது படிக்கத் தெரியாது. சேவக் வாய் வார்த்தையாச் சொன்னார், இவர் வாய் வார்த்தையாச் சொன்னார். உன் வீட்டுக்காரருக்கு வந்து சேர்ந்தப்போ அது வேற சேதி ஆயிடுச்சு."

"அப்போ யாரு மேல தப்பு?"

"சாராயம் விக்கச் சட்டம் இருக்கு. பட்டாசு விக்க லைசென்ஸ் இருக்கு. இதை யார் வேணாலும் செய்யலாம், யார் வேணாலும் விக்கலாம். மேலே என்ன எழுதணும், எந்தப் பாஷையில எழுதணும், மிச்சத்தை யார் திருப்பி எடுத்துக்கணும்னு கேட்க நாட்டுல ஒரு சட்டம் இல்லை. கேரளத்துப் பக்கம் கப்பல்ல கோதுமை மாவோட பூச்சி மருந்து கலந்து நூறு பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம்தான் சட்டம் கொண்டுவரப் பேசிக்கிட்டிருக்காங்க. வருஷம் ஓடுது. இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்காங்க."

"அதுல எம் பையன் பேரு வருமா?"

வேதகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேர் வராதும்மா. மாகறல் கிராமம், ஒரு சிறுவன்னு ஒரு வரி வரும். நான் எழுதுவேன்."

பெருமாளின் ஏணைத் துணி அவர் கையில் இருந்தது. அதையும் பரிசோதனைக்கு வேண்டும் என்றார். செல்லாயி தலையாட்டினாள். அதை அவர் மடித்துப் பைக்குள் வைக்கும்போதுதான் முதல் தடவையாக அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"சரி, இப்போ சொல்லு. அந்த அரிசி வீட்டுல மிச்சம் இருக்கா?"

"இல்ல சாமி. கருமாதிக்கு மின்னயே பானை காலி. அப்புறம் ரேஷன் சோளந்தான்."

"பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு?"

"அங்க அவங்களே ரொட்டியும் பாலும் தராங்க."

அவர் நெற்றி சுருங்கியது. "அதுதான் எனக்குப் புரியலை. டாக்டர் எழுதினதைப் படிச்சேன். சேர்த்த புதுசுல கொஞ்சம் தெளிஞ்சிருக்கா. கையில தம்ளர் பிடிச்சிருக்கா. அப்புறம் திடீர்னு மறுபடி மோசம். உள்ளே போறது நின்னுட்டா அப்படி ஆகக்கூடாதே." சற்று யோசித்தார். "இருக்கட்டும். உத்திரமேரூர் போய் அங்கேயிருந்து டாக்டருக்கு டெலிபோன் பண்றேன். மருந்து பேரைச் சொல்லிடறேன். ஊசிக்கு ராத்திரியே ஏற்பாடு ஆகும். தைரியமா இரு."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு உத்திரமேரூர் சாலையில் போனது.

தைரியமா இரு. செல்லாயி தேரடியிலேயே உட்கார்ந்தாள். பெருமாள் செத்த நாளிலிருந்து நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் இளகியது மாதிரி இருந்தது. ஊசி இருக்கிறது. பேர் தெரிந்துவிட்டது. எல்லப்பனை என்ன செய்வது என்பது பிறகு. அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. அவன்மேல் கோபம் வரும்போதெல்லாம் அந்தச் சின்ன முடிச்சு கண்ணெதிரே வந்து நின்றது. திருடப்போன இடத்திலும் ஒரு பிடி வைத்துவிட்டு வந்த மனுஷன்.

* * *

காஞ்சிபுரத்திலிருந்து வருகிற பஸ் பொழுது மங்கும் நேரத்தில் வந்து நின்றது. எல்லப்பன் இறங்கினான். கையில் பித்தளைத் தூக்குச் சட்டி. மகளைச் சேர்த்ததிலிருந்து விடியற்காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்புவது அவன் வழக்கம். மகனை எடுத்துப்போன பிறகு அவன் முகத்தில் காணாமற்போன ஒன்று இன்று திரும்பி வந்திருந்தது.

"நீ இன்னாமே இங்க குந்திக்கினு கீற?" என்றான். பதிலுக்குக் காத்திருக்காமல், "இன்னிக்கு மலரு கஞ்சி முழுக்கக் குடிச்சிட்டாமே. ஒரு வாய் வுடல. எங்க கீற நைனான்னு கையால தடவிப் பாத்து எம் மூஞ்சைக் கண்டுபுடிச்சா. இன்னும் கொஞ்சம் ஊத்துன்னா."

பஸ் நகர்ந்தது. கண்டக்டர் எதையோ கத்தினான். செல்லாயிக்குக் காதில் விழவில்லை.

"பனையடிய வெட்டினேன்" என்றாள்.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"உன் முடிச்சைப் பாத்தேன். பையன் ஏணைத் துணி."

அவன் தூக்குச் சட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "எம் பங்குமே அது" என்றான் கடைசியில். குரல் கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. "எங்கப்பன் பங்கு. மருந்து மருந்துன்னான் ஆண்டை. நம்பலை. நம்பாமயும் எடுக்கலை. ஒரு கைப்பிடி கொண்டாந்து கோழிக்குப் போட்டுப் பாத்தேன். துன்னுட்டு நல்லாத்தானே மேஞ்சுது? செய்யாத்துல கூடையோட முக்கி முக்கிச் சிவப்பு போறவரைக்கும் அலசினேன். திருட்டு நெல்லுன்னு தெரிஞ்சா நீ ஒலை வெக்க மாட்டேன்னுதான் சாலவாக்கம்னு சொன்னேன்."

"அந்தக் கோழி ஆவணியில செத்துப் போச்சு."

"ஊர்ல எல்லாக் கோழியுந்தான் செத்துச்சு. வெள்ளைக் கழிச்சல் நோவு."

"நம்ம கோழி கோணிக்கினு நடந்துச்சு. பெருமாளு நடந்தானே, அந்த மாதிரி."

அவன் சாலையின் அந்தப் பக்கம் பார்த்தான். அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஆபீசர் சொன்னது, மருந்தின் பெயர், இங்கிலீஷ் அட்டை, ஊசி, டெலிபோன். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அப்படியே தரையில் குந்தினான். தூக்குச் சட்டி மண்ணில் உருண்டது.

"எங் கையால" என்றான். "எங் கையாலயா?"

"என் கையாலயுந்தான்."

அவள் அவன் பக்கத்தில் குந்தினாள். அவன் முதுகில் கை வைத்தாள். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. "எழுந்திரு. மலரையாவது காப்பாத்தலாம். ஊசி வருது. உள்ள போறது நின்னுட்டா தெளிஞ்சிடுவாளாம்."

அவன் முதுகு குலுங்குவது நின்றது.

திடீரென்று, வெட்டியது போல நின்றது.

உருண்டு கிடந்த தூக்குச் சட்டியைச் செல்லாயி அப்போதுதான் பார்த்தாள். மூடி திறந்திருந்தது. அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பருக்கைகள் காய்ந்துபோயிருந்தன. சோளம் இல்லை. ரொட்டியும் இல்லை. வெள்ளை வெளேரென்று நெல்லரிசி.

அரிசி. அவர்கள் வீட்டில் அரிசி ஏது?

"இந்தக் கஞ்சிக்கு அரிசி எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டாள். குரல் அவளுடையது போல இல்லை.

அவன் அவளைப் பார்க்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"ரொட்டி எறங்கலை அவளுக்கு. சோறு வேணும், சோறு வேணும்னு அழுதா. நீ குத்தி வெச்ச பானையிலேர்ந்து அப்பவே நாலு படி எடுத்து மறைச்சு வெச்சிருந்தேன், மலரு வயசுக்கு வந்தா பொங்கிப் போடலாம்னு. அத்தக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசல்ல இட்லிக்கடை ஆண்டாளம்மா கையில குடுத்தேன். போன வாரத்துலேர்ந்து தினம் அவங்கதான் கஞ்சி காச்சித் தராங்க."

செல்லாயி எழுந்துவிட்டாள். உத்திரமேரூர் சாலையில் ஜீப்பும் இல்லை, பஸ்ஸும் இல்லை. புழுதி கூட அடங்கிவிட்டது.

"மிச்சம் எங்க?" என்றாள். "மிச்ச அரிசி எங்கய்யா?"

"அங்கதான் கீது" என்றான் எல்லப்பன். "இன்னிக்கு நல்லாக் குடிச்சாளே, இன்னும் கேட்டாளேன்னு, ராத்திரிக்கும் ஒரு தூக்கு காச்சிக் குடுக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."